நாற்பத்தோரு நாளாக வராதவர்கள்

மகாராஜா பதினேழு நாளாக வேலைக்கு வரவில்லை என்பது அவனுக்குத் தெரியவந்தபோது அவன் வேலையில்தான் இருந்தான். ஐ.டி. பிரிவின் ஜன்னலில்லாத அறையில், பிரிண்டருக்குள் கையை விட்டு, சிக்கிக்கொண்ட தாளை உருவிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. "அன்புள்ள மகாராஜா, தாங்கள் தொடர்ந்து 17 நாட்களாகப் பணிக்கு வரவில்லை. தங்கள் நலன் குறித்து நிர்வாகம் கவலை கொள்கிறது."

தாளை அப்படியே விட்டுவிட்டு வருகைப் பதிவைத் திறந்து பார்த்தான். பதினேழு நாளும் சிவப்பு. அவனுக்கு மட்டுமல்ல. லைனில் நிற்கிறவர்கள், கேன்டீன்காரர்கள், கூட்டித் துடைக்கிற பெண்கள், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி என்று ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் சிவப்பு. மேலாளர்களுக்கு மட்டும் பச்சை. அவர்கள் வாசலில் முகம் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் வந்ததாகவே வைத்துக்கொள்வது கம்பெனியின் வழக்கம்.

ஒரகடத்தில் காருக்கு இருக்கை செய்கிற கம்பெனி அது. வாசலில் ஒரு கருவி உண்டு. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதன் முன்னால் போய் நின்றால் தபால்தலை அளவுக்கு முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, "வருகைக்கு நன்றி" என்று பெண் குரலில் சொல்லும். கம்பித் தடுப்பு திறக்கும். படமும் நேரமும் சர்வரில் ஒரு கோப்புக்குப் போய்ச் சேரும். மூன்று ஆண்டாக எல்லா முகமும் அந்த ஒரே கோப்பில்தான். 'ஒரே ஆலை, ஒரே கோப்பு' என்பது மனிதவளப் பொது மேலாளர் பிரசன்னா வகுத்த கொள்கை. அதை வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

மகாராஜா சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். டிப்ளமா முடித்துவிட்டு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் ஆறு பேர் தங்கும் அறையில் இருந்துகொண்டு, டிரெய்னியாக ஓடிக்கொண்டிருந்தான். டிரெய்னிக்கு உலகத்தில் ஒரே ஒரு கணக்குதான்: ஐந்நூறு நாள் வந்தால் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறும். அவனுக்கு ஐந்து நாளுக்கு முன்பே ஐந்நூறு முடிந்திருக்க வேண்டும். சிஸ்டத்தில் நானூற்று எண்பத்தெட்டிலேயே நின்றிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கோப்பின் அளவு சரியாக இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு பைட். அதற்கு மேல் ஒரு பைட்கூட ஏறவில்லை. ஐ.டி. மேலாளர் மோகனிடம் ஓடினான்.

"சார், இந்த புரோகிராமுக்கு ரெண்டு ஜி.பி.க்கு மேல எண்ணத் தெரியாது. கோப்பு நிறைஞ்சு போச்சு. இப்ப வர்ற மூஞ்சியெல்லாம் வாங்குது, நன்றி சொல்லுது, கீழ போட்டுருது."

"நன்றி சொல்லுதுல்ல? அப்ப வேலை செய்யுதுன்னுதானேப்பா அர்த்தம்."

"இல்ல சார். இதோட சோர்ஸ் கோட் நம்மகிட்டயே இருக்கு. கருவி வித்தவங்க கம்பெனிய மூடிட்டுப் போறப்ப சி.டி.யில குடுத்தாங்க, உங்க பீரோவுலதான் இருக்கு. பெரிய கோப்பையும் கையாளணும்னு சொல்லுற ஒரு வரிய அவங்க சேக்கல. அதைச் சேத்துத் திரும்ப பில்ட் பண்ணினா முடிஞ்சுது. இருபது நிமிஷம்."

மோகனின் முகம் சுருங்கியது. "இருபது நிமிஷ வேலைக்கு எவன்பா அப்ரூவல் குடுப்பான்? ஆறு மாசம்னு சொல்லு, ப்ராஜெக்டா போடலாம். சரி, போய் மாற்றக் கோரிக்கை போடு."

மகாராஜா கோரிக்கைப் படிவத்தைத் திறந்து, பதினாறு கட்டங்களை நிரப்பி, அனுப்பு என்பதை அழுத்தினான். 'பணிக்கு வராத நாளில் கோரிக்கை எழுப்ப இயலாது' என்று பதில் வந்தது.

"அப்ப நாளைக்கு வந்து போடு," என்றார் மோகன்.

"நாளைக்கு வந்தாலும் வந்ததா ஏறாதே சார்."

"அப்ப அதை முதல்ல சரி பண்ணு."

"அதைச் சரி பண்ணத்தான் சார் கோரிக்கை."

மோகன் நாற்காலியில் சாய்ந்து, முதல்முறையாக அவனை மதிப்போடு பார்த்தார். "பாத்தியா, பிரச்சினையோட ஆழத்துக்கே வந்துட்ட. இதைத்தான் உங்கிட்ட நான் எதிர்பாக்கறேன்."

இருபத்து நான்காம் நாள் 'பெரிய கோப்புக் குழு' கூடியது. மூன்று அதிகாரிகள், ஒரு தட்டு முந்திரி பக்கோடா. மகாராஜா சுவரோரம் நின்றபடி விஷயத்தைச் சொன்னான். கொள்முதல் அதிகாரி சுபாஷ்தான் முதலில் பேசினார்.

"சோர்ஸ்னு சொல்றியே, அது எந்த வெண்டர்?"

"வெண்டர் இப்ப கிடையாது சார். இலவசம். யார் வேணும்னாலும் பில்ட் பண்ணிக்கலாம்."

"விலையில்லாத பொருளை எப்படிப்பா வாங்கறது? வாங்காத பொருளை எப்படி யூஸ் பண்றது?"

"நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு சார்."

"வாங்காம இருக்கா?" சுபாஷ் பக்கோடாவைக் கீழே வைத்தார். "மோகன், இது சீரியஸான விஷயம்."

புதிதாக இன்னொரு கோப்பைத் தொடங்கிவிடலாமா என்று மகாராஜா கேட்டான். பிரசன்னா புன்னகைத்தார். "ஒரே ஆலை, ரெண்டு கோப்புன்னா, நாளைக்கு ரெண்டு ஆலையாடான்னு கேப்பாங்க." பழைய முகங்களை அழித்து இடம் பண்ணலாமா? முடியாது, ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது தணிக்கை விதி. ஆகவே கோப்பைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பிறகு பிரசன்னா எழுந்து பேசினார். அவருக்கு உட்கார்ந்து பேச வராது.

"நம்ம கம்பெனி தரவுகளால இயங்கற கம்பெனி. கண்ணால பாக்கறது வெறும் அபிப்பிராயம். சிஸ்டத்துல இருக்கறதுதான் உண்மை. என் ரூம் ஜன்னல்லேர்ந்து தினமும் ஆயிரம் பேர் உள்ள வர்றதை நானே பாக்கறேன். பாக்கறேன்கறதுக்காக அவங்க வந்திருக்காங்கன்னு சொல்லிட முடியுமா? அது உணர்ச்சிவசப்படறது. இன்னொண்ணையும் கவனிங்க. இந்த மாசம் உற்பத்தி இலக்குல நூத்திப் பன்னெண்டு சதவீதம். ஒருத்தர்கூட வராம! வேற எந்த ஆலையாவது இதைச் சாதிச்சிருக்கா?"

கை தட்டினார்கள். சுவரோரம் நின்ற மகாராஜாவும் தட்டினான்; தட்டாமல் நிற்பதற்கு அந்த அறையில் இடமில்லை. கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது. பங்கேற்றோர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவன் சொன்னதெல்லாம் 'அறையில் ஒரு கருத்து எழுந்தது' என்று பதிவாகியிருந்தது.

முப்பது நாள் ஒருவர் வராவிட்டால் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபால் போகும். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், சிஸ்டமே அச்சடித்து அனுப்பிவிடும். ஆயிரத்து நூற்று நாற்பது தபால்கள் போயின. பெரும்பாலான வீடுகளில் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். அதோடு போயிற்று. பெண் பிள்ளைகளின் வீடுகளில் அதோடு போகவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை, வரவேற்பறையில் ஒரு கேபிளை மாற்றப் போனான் மகாராஜா. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டபடி ஒருவர் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பெனித் தபால். கயத்தாறு பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த நம்பிராஜன். அவர் மகள் மாரிசெல்வி, இருக்கைக்கு பெல்ட் மாட்டும் லைனில் இருப்பவள். மகாராஜாவோடு ஒரே நாளில் சேர்ந்தவள். ஊர்ப்பக்கத்துப் பேச்சைக் கேட்டு அவனை அண்ணன் என்று கூப்பிடுகிறவள்.

"யம்மா, எம்மவ உள்ள இருக்காளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் நம்பிராஜன்.

கவுண்டரில் இருந்த மனிதவள அதிகாரி ஜயஸ்ரீ திரையைப் பார்த்தாள். "நாப்பத்தோரு நாளா வரலை சார்."

"தெனமும் போன்ல வேலைக்குப் போறேன், வேலைக்குப் போறேன்னுதான் சொல்லுதா. அப்ப பொய்யா சொல்லுதா?"

"அது உங்க குடும்ப விஷயம் சார்."

"ஊர்ல அவ எவன்கூடயோ போயிட்டான்னு பேசுதாவ. தபால்காரன் எல்லார் முன்னாலயும் வாசிச்சுக் காட்டிட்டான். அவ அம்மை மூணு நாளா பச்சத்தண்ணி குடிக்கல. ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிருதேன்."

"வராதவங்களை எப்படி சார் கூப்பிடறது?"

கேட்டிலிருந்து அவரை அழைத்து வந்த செக்யூரிட்டி கண்ணப்பனுக்குப் பொறுக்கவில்லை. வடக்குப்பட்டுக்காரர். ஐம்பத்தெட்டு வயது. "இன்னாம்மா நீ? அந்தப் பொண்ணு உள்ளதான் கீது. காலைல நான்தானே கேட்டாண்ட நின்னு உட்டேன்."

ஜயஸ்ரீ கொஞ்சம் தட்டிப் பார்த்தாள். "கண்ணப்பன், நீங்களும்தான் நாப்பத்தோரு நாளா வரலை. நீங்க எப்படி விட்டிருக்க முடியும்?"

கண்ணப்பன் தன் சீருடையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஐயா, மாரி உள்ளதான் இருக்கா. நான் பாத்தேன்," என்று மகாராஜா முன்னால் வந்தான். "அவளக் கூட்டிட்டு வாரேன், இருங்க." லைன் வாசலில் சூப்பர்வைசர் அவனை மறித்தார். லைனை நிறுத்தினால் ஒரு நிமிஷத்துக்கு ஓர் இருக்கை போகும். அவளை விட முடியாது. அவள் அங்கேதான், இருபது அடி தூரத்தில், குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசி லாக்கரில் இருந்தது. இரைச்சலில் அவன் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது நம்பிராஜனை வெளியே அனுப்பியிருந்தார்கள். பணிக்கு வராதவரின் விருந்தினருக்கு வரவேற்பறையில் உட்கார அனுமதி கிடையாது. எதிரே கன்டெய்னர் லாரிகள் நிற்கிற ஓரத்தில், வெயிலில், தபாலைத் தலைக்குப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளேதான் இருக்கிறாள் என்று மகாராஜா மறுபடி சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாருப்பா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், ஊர் சொன்ன அந்த 'எவனோ' இவன்தானோ என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

மகாராஜாவுக்குக் காது மடல் சுட்டது. நேராகத் தன் அறைக்குப் போனான். சாப்பாட்டு மணி அடித்திருந்தது. மோகன் கேன்டீனுக்குப் போயிருந்தார். பீரோ சாவி எப்போதும் மேஜை மேல்தான் கிடக்கும். சி.டி.யை எடுத்துப் போட்டான்.

பில்ட் செய்வதற்கு, அதாவது மூல நிரலிலிருந்து புரோகிராமைத் திரும்பக் கட்டுவதற்கு, முன் ஒரு சோதனை ஓடும். கணினியில் இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இருக்கிறது என்று வரிவரியாகக் கேட்டு, பதிலை எழுதிக்கொண்டே போகும். இரண்டு ஆண்டில் அந்தக் கம்பெனிக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அதன் பதிலையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டதாக அவன் பார்த்தது அது ஒன்றைத்தான். அந்த ஒரு வரியைச் சேர்த்தான். பில்ட் பாதியில் நின்றது. படத்துக்கான துணை நிரல் ஒன்று காணோம். தேடி எடுத்து வைத்தான். இரண்டாம் முறை முழுதாக முடிந்தது, ஆனால் ஓட்டிப் பார்த்தால் பழையபடி அதே அளவில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம் திரையையே முறைத்தான். பிறகு புரிந்தது: துணை நிரல் இன்னும் பழைய முறையில் கட்டப்பட்டதாகவே இருந்தது, அதுவும் சின்னக் கணக்குதான் போடும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இரண்டையும் அதே வரியோடு முதலிலிருந்து பில்ட் செய்தான். ஒன்று இருபதுக்குப் பழைய புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். சாப்பிடவில்லை.

மூன்றரைக்கு ஷிப்ட் விட்டது. முதல் முகம் ஏறியதும் கோப்பு அந்த எண்ணைத் தாண்டியது. மகாராஜா திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து, ஐம்பது, நூறு. மாரிசெல்வியின் முகம் ஏறியதும் கேட்டுக்கு ஓடினான்.

அங்கே ஜயஸ்ரீ ஒரு தாளை அச்சடித்து நம்பிராஜனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் வந்திருக்காங்க சார். பாருங்க, மூணு முப்பத்திரண்டு." வெளியே போகும்போதுதான் மாரிசெல்வி வந்திருந்தாள்.

"எதுக்குப்பா வந்தீய?" என்றாள் அவள். அவர் தபாலையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான் பொய் சொல்லுவேன்னு நெனச்சிட்டீயளாப்பா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அப்போது இறங்கியிருந்தது. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் வாழ்த்துச் செய்தி. 'நாற்பத்தோரு நாட்களுக்குப் பின் பணிக்குத் திரும்பிய ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் நிர்வாகம் அன்புடன் வரவேற்கிறது. முப்பது நாட்களுக்கு மேல் வராதவர் திரும்பினால் புதிதாகச் சேர்ந்தவராகவே கருதப்படுவார் என்ற விதி எண் 14இன்படி அனைவருக்கும் இன்று முதல் நாள்.' புதியவர்களுக்கான மஞ்சள் தொப்பியை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வாங்காத சோர்ஸைத் திருட்டுப் பொருளோ என்று பயந்த சுபாஷ்தான் தொப்பிகளை வாங்கித் தந்தவர். சர்வர் சரியானதற்கு மோகனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. கூடவே ஒரு விசாரணையும் தொடங்கியது: பிற்பகல் 1.20க்கு ஆலைக்குள் நுழைந்து சர்வரைத் தொட்ட வெளியாள் யார்?

"நான்தான் சார்," என்றான் மகாராஜா.

மோகன் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு இருபதுக்கு நீ வரவே இல்லையேப்பா. வராதவன் எப்படிச் செஞ்சிருக்க முடியும்? தேவையில்லாம விசாரணையைக் குழப்பாத."

அடுத்த வாரம் கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு இனியவன் என்ற அதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். லைன் வாசலில் நின்று பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மஞ்சள் தொப்பி.

"எல்லாருமே புதுசா?" என்றார்.

"ஆமா சார், ஃப்ரெஷ் எனர்ஜி," என்றார் பிரசன்னா.

"பெல்ட் போல்ட்டை முப்பது நாள் பழகாதவங்க தொடக்கூடாதே." அவர் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் போனார். அது மாரிசெல்வி. கையிலிருந்த பட்டியலைக் காட்டினார். "போன மாசம் பதினொண்ணாம் தேதி போன சீட்டும்மா இது. போல்ட் போட்டதுன்னு உங்க நம்பர் இருக்கு. நீங்கதானே போட்டீங்க?"

மாரிசெல்வி பிரசன்னாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அவள் தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"அன்னைக்கு நான் வரலையே சார்."

"அப்ப யார் போட்டாங்க?"

"தெரியல சார். வந்திருந்தா பாத்திருப்பேன்."

அடுத்த ஆளிடம் கேட்டார் இனியவன். அவரும் வரவில்லை. அதற்கடுத்தவரும் வரவில்லை. நாற்பத்தோரு நாளில் போன இருபத்தோராயிரம் இருக்கைகளில், யாரும் வராத ஆலையில், யார் போட்டது என்றே தெரியாத போல்ட்டுகள். இனியவன் நோட்டை மூடினார். அத்தனை வண்டிகளையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலி கேட்டார்.

பிரசன்னாவுக்கு வியர்த்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். "சார், சிஸ்டம்கறது என்ன? வெறும் மிஷின். மனுஷன்தானே முக்கியம்! என் ஜன்னல்லேர்ந்து நான் என் கண்ணால பாத்திருக்கேன், ஒவ்வொருத்தரும் வந்தாங்க. கண்ணால பாத்ததைவிட வேற என்ன சார் சாட்சி வேணும்?"

"எழுதிக் குடுங்க," என்றார் இனியவன்.

இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இருக்கைப் பதிவில் எண் இருக்கிற ஆயிரத்து இருபத்திரண்டு பேரும் நாற்பத்தோரு நாளும் வந்ததாகத் திருத்தம் ஏறியது. மாரிசெல்வி ஐந்நூறைத் தாண்டிவிட்டாள். லைனில் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். மகாராஜா ஜயஸ்ரீயிடம் போனான்.

அவள் பட்டியலை இரண்டு முறை தேடினாள். "உங்க நம்பர் எந்த சீட்டுலயும் இல்லையே மகாராஜா. கேள்வி வந்தவங்களுக்குத்தான் திருத்தம்னு பிரசன்னா சார் சொல்லிட்டார். உங்களைப் பத்தி அவங்க கேக்கலையே."

சாயங்காலம் மாரிசெல்வி அவனைத் தேடி வந்தாள். நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறிய கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஒரு போல்ட்டாவது முடுக்கியிருக்கலாம்ணே," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவன்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை, மிச்சமிருந்த நூற்றுப் பதினெட்டுப் புதியவர்களுக்கும் அறிமுக வகுப்பு நடந்தது. கேன்டீன்காரர்கள், துடைக்கிற பெண்கள், டிரைவர்கள். மகாராஜாவுக்கு முன்பெஞ்சு. பக்கத்தில் மஞ்சள் தொப்பியோடு கண்ணப்பன். வாசல் கருவியின் முன் எப்படி நிற்க வேண்டும் என்று மோகன் படம் போட்டுக் காட்டினார்.

"எத்தினியாவது தபா இது?" என்று கண்ணப்பன் காதோடு கேட்டார். "நான் சேந்தப்பவும் இதே படத்தத்தான் காட்டுனானுங்க."

மோகன் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். இருக்கிறவர்கள் எழுந்து நின்று உள்ளேன் என்று சொல்ல வேண்டும். கண்ணப்பன் எழுந்து சொன்னார். வேறு என்ன செய்வார்? ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. ஐந்நூறு நாள் அதற்குள் வருமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"மகாராஜா."

அவன் எழுந்தான். தொப்பியைக் கழற்றி பெஞ்சின் மேல் வைத்தான்.

"வரல சார்," என்றான்.

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தான். கேட்டில் யாருமில்லை, நிற்க வேண்டியவர்கள் வகுப்பில் இருந்தார்கள். கருவிக்கு முகம் காட்டாமல், கம்பித் தடுப்பின் அடியில் குனிந்து வெளியே போய், மறைமலை நகர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினான்.

அன்று காலை எட்டு மணிக்கு அவன் உள்ளே வந்தது பதிவாகியிருந்தது. வெளியே போனதற்குப் பதிவில்லை. அதனால் கம்பெனிக் கணக்கில் அவன் இன்றும் உள்ளேதான் இருக்கிறான். தொடர்ச்சியாக இத்தனை நாள் இடத்தைவிட்டு நகராமல் வேலை பார்த்தவர் வேறு யாருமில்லை என்று சென்ற ஆண்டு விழாவில் பிரசன்னா அவனைக் குறிப்பிட்டுப் பேசினார். பரிசு வாங்க ஆள் வரவில்லை. கோப்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் இப்போது இடத்துக்குக் குறைவில்லை.